பெட்டியில் பூட்டிய ஏடுகள்

தமிழில் முஸ்லிம் புலவர் இயற்றியவற்றுள் நாமறிந்த மிகப் பழைய நூல் 'பல்சந்தமாலை' என்பர். அதில் எஞ்சியிருப்பவை எட்டுச் செய்யுட்களே. அவையும் நம் வீட்டுப் பெட்டியிலிருந்து கிடைத்தவையல்ல. களவியற்காரிகையின் உரைகாரர் மேற்கோளாக எடுத்தாண்டமையால் பிழைத்தவை.

இதனால் நாம் பாடம் கற்றோமா? காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் அரபுத் தமிழ்க் கையெழுத்துப் பிரதிகள் இன்றும் வீட்டு அலமாரிகளில் உறங்குகின்றன. ஆய்வாளர் வந்து கேட்டால், "பெரியவர்கள் வைத்துப்போன பரக்கத், வெளியே காட்டலாகாது" என்று சொல்லி அனுப்பிவிடுகிறோம். பரக்கத் ஓதுவதில் உள்ளதா, கறையானுக்கு இரையாக்குவதில் உள்ளதா? மாப்பிள்ளை லெப்பை ஆலிம் அவர்கள் (1816–1898) அரபுத் தமிழில் எழுதியது பாமரரும் படித்து மார்க்கம் அறிவதற்காக; பூட்டி வைப்பதற்காகவன்று. கேட்டோர்க்குக் கல்வியை மறைப்பவன் கதி யாதென்பது, ஹதீஸ் கிதாபுகளை ஓதிய நமக்குத் தெரியாததா?

களவு போகுமென்பது நியாயமான அச்சந்தான். வாங்கிச் சென்ற ஏட்டைத் திருப்பித் தராதாரையும் அறிவேன். ஆனால் இன்று ஏடு வாசற்படி தாண்ட வேண்டியதில்லை. வீட்டிலேயே படமெடுத்துப் பட்டியலிட்டு, மூலத்தை உடையவரிடமே விட்டுவிடலாம். அப்படங்களின் படியொன்று மதரஸாவிலும் பொது நூலகத்திலும் இருக்கட்டும். அரபெழுத்தறியாத தமிழாய்வாளருக்கு அவற்றைப் படித்துக்காட்ட ஆலிம்கள் முன்வரட்டும். அவ்வெழுத்தைத் தடையின்றி வாசிப்போர் தொகையும் குறைந்துகொண்டே வருகிறது.