இரண்டாவது திரையையும் சோதித்து வாங்குங்கள்

மடிக்கணினியோடு ஒரு மானிட்டரையும் இணைத்து வேலை பார்ப்பது கடலூர் அலுவலகங்களிலும், சிதம்பரம் அண்ணாமலைநகரில் ஆய்வேடு தட்டச்சு செய்து தரும் கடைகளிலும் இன்று சாதாரணம். கூடவே வரும் தொல்லையும் சாதாரணமாகிவிட்டது. ஒரு திரையில் பளிச்சென்று தெரியும் மென்பொருளை அடுத்ததற்கு இழுத்தால் எழுத்து மங்குகிறது. சில வேளை ‘சேமி’ பொத்தானே திரைக்கு வெளியே போய்விடுகிறது. பழியோ பழைய கணினி மீதும், பார்ப்பவரின் கண்ணாடி மீதும் விழுகிறது. உண்மையில் இது மென்பொருளின் குறை. அதை வாங்கும் அரசுத் துறைகளும் பல்கலைக்கழகங்களும் கொள்முதலின்போதே கேட்டால் ஒழிய இது தீராது.

காரணம் எளிய கணக்குதான். 14 அங்குல மடிக்கணினி, 21.5 அங்குல மானிட்டர் இரண்டிலும் 1920×1080 பிக்சல்கள் என்று வைத்துக்கொள்வோம். முன்னதில் அங்குலத்துக்கு 157 பிக்சல், பின்னதில் 102. அதே எழுத்து மடிக்கணினியில் மூன்றில் ஒரு பங்கு சிறுத்துவிடும். அதை ஈடுகட்ட மடிக்கணினித் திரையை 125 அல்லது 150 சதவீதத்துக்கும், மானிட்டரை 100 சதவீதத்துக்கும் வைக்கிறோம். திரைக்குத் திரை அளவு மாறும் என்பதை அறியாத மென்பொருளாக இருந்தால், விண்டோஸ் அதை ஒரு படம்போல இழுத்தோ சுருக்கியோ காட்டுகிறது. மங்கல் அங்கேதான் பிறக்கிறது. இதில் தமிழுக்குச் சேதம் அதிகம். ‘கண்ணன்’ என்ற பெயர் ‘கண்ணண்’ என்று பதிவாகியிருந்தால், ஒரு சுழிதான் வித்தியாசம். மங்கிய திரையில் அது பிடிபடாது. சான்றிதழ் அச்சாகி வந்த பிறகு திருத்தத்துக்கு அலைய வேண்டியவர் விண்ணப்பதாரர். ஆங்கில எழுத்தின் உயரத்துக்கு அளவெடுத்த கட்டங்களில் ‘கூ’, ‘மு’ போன்றவற்றின் கீழ்ப்பகுதி வெட்டுப்படுவதும் இதே அலட்சியத்தின் விளைவுதான்.

செட்டிங்ஸில் மாற்றிக்கொள்ளலாமே என்பார்கள். இரு திரையையும் 100 சதவீதத்துக்கு வைத்தால் மங்கல் போகும். மடிக்கணினியில் எழுத்து பொடியாகிவிடும். ஒவ்வொரு மென்பொருளுக்கும் தனியே விதிவிலக்கு கொடுக்கலாம்தான். ஆனால் அந்த அமைப்பைத் தொட அலுவலக ஊழியருக்குப் பெரும்பாலும் அனுமதி இருக்காது. ஒரே மாதிரி திரைகளை வாங்கலாம் என்றால், அலுவலகச் சாமான்கள் ஒரே ஆண்டில் வாங்கப்படுவதில்லை. எல்லாம் பிரவுசருக்கு வந்துவிட்டதே என்ற வாதத்தில் ஓரளவு நியாயம் உண்டு. பிரவுசர்கள் இதை நன்றாகவே சமாளிக்கின்றன. ஆனால் ஸ்கேனர், டிஜிட்டல் கையொப்பம், பக்க வடிவமைப்பு ஆகியவற்றுக்கு இன்னமும் தனி மென்பொருள்கள்தான். 2001-இல் வந்த 7.0 பதிப்போடு நின்றுபோன பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளைத் திருத்தச் சொல்லி யாரிடமும் கேட்க முடியாது என்பதும் சரி. இன்று புதிதாக எழுதப்படும் மென்பொருளுக்கு அந்தச் சாக்கு செல்லாது. திரைக்கொரு அளவு என்ற வசதி 2013-இல் விண்டோஸ் 8.1-லேயே வந்துவிட்டது, 2017-இல் விண்டோஸ் 10-இல் மேம்பட்டது.

ஆகவே டெண்டரில் ஒரு நிபந்தனை சேர்த்தால் போதும்: 100, 150 சதவீதத்தில் உள்ள இரண்டு திரைகளுக்கு இடையே, தமிழ்ப் பெயர்கள் நிரப்பிய படிவத்தை இழுத்துக் காட்ட வேண்டும், எழுத்து மங்கினாலோ வெட்டுப்பட்டாலோ பணம் கொடுக்கக் கூடாது. பத்து நிமிடச் சோதனை இது. இணையப் பக்கங்களில் எழுத்தை 200 சதவீதம் பெரிதாக்கினாலும் எதுவும் விடுபடக் கூடாது என்று உலக அளவிலான அணுகல் விதிகள் சொல்கின்றன. பார்வைக் குறைபாடு உள்ள ஊழியருக்கு அது சலுகை அல்ல, உரிமை. அலுவலக மென்பொருளுக்கும் அதே அளவுகோலை வைப்பதற்குப் புதிய சட்டம் தேவையில்லை. கொள்முதல் கோப்பில் ஒரு பத்தி போதும்.