பாட்டியின் பட்டுப்புடவை

பீரோவின் அடித்தட்டில் பாட்டியின் கூறைப்புடவை கிடக்கிறதா? மடிப்புக்கு மடிப்பு விட்டுப்போயிருக்கிறதா? வாசலில் "பழைய பட்டு, பழைய ஜரிகை!" என்று குரல் கேட்டதும் அதைத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள், சகோதரி! வாங்குகிறவர் அதை யாருக்கும் உடுத்தக் கொடுக்கப் போவதில்லை. நெருப்பிலிட்டு வெள்ளியை உருக்கி எடுப்பதற்குத்தான் கேட்கிறார். அசல் ஜரிகை என்பது பட்டு நூலின்மேல் வெள்ளிக் கம்பியைச் சுற்றித் தங்க முலாம் பூசியதல்லவா? நாலு பேர் கல்யாணம் பார்த்த புடவை, ஒரு பிடி சாம்பலாகிவிடும்.

காஞ்சிபுரத்துக் கோர்வைப் புடவையில் ஒரு விசேஷம் உண்டு. உடலுக்கும் கரைக்கும் தனித்தனிப் பாவு. நெய்யும்போதுதான் இரண்டையும் கோக்கிறார்கள். உடல் நைந்துபோன புடவையிலும் கரை பெரும்பாலும் கெட்டியாகவே இருக்கும். அதைப் பிரித்துப் புதுப் பட்டில் வைத்துத் தையுங்கள். பேத்திக்குப் பாவாடை தயார். உடலில் நல்ல பாகம் ரவிக்கைக்குத் தேறும். ஆனால் உள்ளே மல் துணி கொடுக்கவேண்டும். இல்லாவிட்டால் தையலே பட்டை அறுத்துவிடும்.

சின்னக் கிழிசல்தானா? இழை ஓட்டினால் போதும். கடை நூல் வேண்டாம், நிறம் காட்டிக் கொடுத்துவிடும். புடவையின் உள்தலைப்பிலிருந்தே நாலு இழை உருவிக்கொள்ளுங்கள். (மாமியார் புடவையானால், முதலில் உத்தரவு வாங்கிவிடுங்கள்!)

நன்றாக இருக்கும் புடவையை அவ்வப்போது நிழலில் காற்றாட விட்டு, மடிப்பை மாற்றி வையுங்கள். அந்துருண்டை ஜரிகையில் படவேண்டாம், கறுத்துவிடும்.