வயிரம் ஆக்கியவர்க்கு வந்த கூலி

கரியை வயிரமாக்கியவர் ஒருவர். அம்முறைக்கு உரிமை பூண்டோர் வேறொருவர்! 1954 திசம்பர் 16-இல், அமெரிக்காவின் செனரல் எலெக்ட்ரிக் நிறுவன ஆய்வாளர் திரேசி ஆல், தாம் வகுத்த அழுத்தப்பொறியில் செயற்கை வயிரம் ஆக்கினார். காப்புரிமை நிறுவனத்திற்குப் போயிற்று. அவர்க்குக் கிடைத்ததோ 10 தாலர் சேமிப்பு ஆவணம்! 1955-இல் வெளியேறிய அவர், தாம் படைத்த பொறியைத் தாமே இயக்கவியலாமல், அக்காப்புரிமையில் அடங்காத நான்முக அழுத்தப்பொறியைப் புதிதாய் அமைத்தார்.

ஆய்வுக்குப் பொருளீந்தது நிறுவனமே, மறுக்கவில்லை. ஆயினும், பொருள் மட்டுமா வயிரம் ஈன்றது? பணியாளரின் கண்டுபிடிப்பை நிறுவனம் கொள்ளுமாயின், அவர்க்குத் தக்க தொகை தரல் வேண்டுமென்று 1957-இலேயே மேற்குச் செருமனி சட்டஞ் செய்தது. அத்தகைய காப்பு எந்நாட்டு அறிஞர்க்கும் வேண்டும். கண்டவரை மறந்த உரிமை காப்புரிமையன்று, பறிப்புரிமையே!