சாவுக்குக் காரணம் வேண்டும், பலியாடு வேண்டாம்

பிரசவத்துக்குச் சென்ற தாய் ஆஸ்பத்திரியில் மாண்டாள் என்ற செய்தி பரவியதும் என்ன நடக்கிறது? உறவினர்கள் வாசலில் மறியல் செய்கிறார்கள். போலீஸ் வருகிறது. மேலதிகாரிகள் ஓடோடி வருகிறார்கள். மறுநாள் காலை, இரவுப் பணியில் இருந்த நர்ஸோ பயிற்சி டாக்டரோ சஸ்பெண்டு செய்யப்படுகிறார். அத்துடன் விஷயம் முடிந்தது! அடுத்த மாதம் அதே வார்டில், அதே காரணத்தால் இன்னொரு தாய் சாகமாட்டாள் என்பதற்கு என்ன உத்தரவாதம்? அதைக் கேட்பாரும் இல்லை, சொல்வாரும் இல்லை.

ஒவ்வொரு சாவையும், மயிரிழையில் தப்பிய ஒவ்வொரு விபத்தையும், அதே தொழில் தெரிந்த சக டாக்டர்களும் நர்சுகளும் கூடி உட்கார்ந்து, நோயாளியின் குறிப்பேட்டை வரிவரியாகப் படித்து ஆராய வேண்டும் என்கிறோம் நாம். ரத்தப்போக்கு எத்தனை மணிக்குத் தெரிந்தது? பெரிய டாக்டருக்கு எப்போது சொல்லப்பட்டது? அவர் எப்போது வந்தார்? ரத்தம் கையிருப்பில் இருந்ததா? ஒரு நர்ஸின் தலையில் எத்தனை படுக்கைகள் சுமத்தப்பட்டிருந்தன? சிகிச்சையின் நெளிவு சுளிவு தெரிந்தவர்களே இக்கேள்விகளைக் கேட்க முடியும். கோப்பை மட்டும் பார்க்கும் அதிகாரியால் முடியாது.

இந்த ஆய்வு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு பிரிட்டனில் உள்ள பிரிஸ்டல் நகரத்து ஆஸ்பத்திரி சாட்சி. அங்கே இருதய ஆபரேஷன் செய்யப்பட்ட பச்சைக் குழந்தைகள் அளவுக்கு மீறி இறந்தார்கள். மயக்க மருந்து டாக்டர் ஸ்டீபன் போல்சின் 1990-ல் நிர்வாகத் தலைவருக்கு எழுதினார், கணக்கெடுத்துக் காட்டினார். பெரியவர்கள் காது கொடுக்கவில்லை. கடைசியில் அவரே நாட்டை விட்டு ஆஸ்திரேலியா செல்ல நேர்ந்தது. 1991 முதல் 1995 வரை, ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில், எதிர்பார்க்கத் தக்கதைவிட 30 முதல் 35 பேர் கூடுதலாக இறந்தனர் என்று 2001-ல் விசாரணைக் குழு அறிக்கை கூறியது. கணக்கு இருந்தது, கூடி ஆராயும் வழக்கம்தான் இல்லை. அதற்குக் குழந்தைகள் உயிரை விலையாகக் கொடுத்தார்கள்.

மறுபக்கம் பாருங்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1952 முதலே தாய்மார் சாவுகளை ரகசியமாக ஆராயும் முறை நடந்துவந்திருக்கிறது. அதே வழியில் நமது அண்டை ராஜ்யமான கேரளம் 2004-ல் இறங்கியது. மகப்பேறு டாக்டர்களின் சங்கம் முன்னின்றது. அரசாங்கம் துணை நின்றது. தாயின் பெயர், டாக்டரின் பெயர், ஆஸ்பத்திரியின் பெயர் மூன்றும் நீக்கப்பட்ட குறிப்பேடுகள் ஆய்வாளர்களுக்குப் போயின. தண்டிப்பதற்கல்ல, பாடம் கற்பதற்கே என்பது விதி. ரத்தப்போக்கே முதல் எமன் என்று கண்டார்கள். அதைச் சமாளிக்க டாக்டர்களுக்குப் பயிற்சி அளித்தார்கள். 2001-03-ல் லட்சம் பிரசவத்துக்கு 110 ஆக இருந்த தாய்மார் சாவு, 2018-20-ல் 19 ஆயிற்று. இவ்வளவும் ஆய்வின் பலன்தான் என்று நாம் சொல்லவில்லை. கல்வியும் பொது சுகாதாரமும் அங்கே நெடுங்காலம் உழைத்திருக்கின்றன. ஆனால் எங்கே தவறு என்று தெரிந்தபின்தானே திருத்த முடியும்?

"டாக்டர்களே டாக்டர்களை விசாரித்தால் ஒருவரை ஒருவர் காப்பாற்றிக் கொள்ளமாட்டார்களா?" என்று நண்பர்கள் கேட்கலாம். நியாயமான சந்தேகம். பிரிஸ்டலில் நடந்ததே அதுதான். ஆகவே, ஆராய்பவர்கள் வேறு ஆஸ்பத்திரியிலிருந்து வர வேண்டும். பெயரை மறைக்கலாம், பாடத்தை மறைக்கக் கூடாது. குடித்துவிட்டு வந்தவனுக்கும், பணத்துக்காக வேண்டாத ஆபரேஷன் செய்தவனுக்கும் இந்தப் பாதுகாப்பு கிடையாது. அவர்களுக்குச் சட்டம் இருக்கிறது. செத்தவளின் குடும்பத்தாருக்கு உண்மையைச் சொல்லும் கடமையும் தீர்ந்துவிடாது.

இன்னொரு ஆபத்தும் உண்டு. "இரவில் நர்ஸ் போதவில்லை, ரத்தம் இல்லை" என்று ஆய்வுக் குழு எழுதும். அந்தக் காகிதம் மேஜையில் தூங்கும். பத்து இடம் காலியாக வைத்துவிட்டு, மிஞ்சியிருப்பவர்களின் தவறுகளை எண்ணிக் கொண்டிருப்பது ஆய்வல்ல, ஏமாற்று!

ஆகவே நாம் கோருவது இதுதான். அரசாங்க ஆஸ்பத்திரி, தனியார் ஆஸ்பத்திரி என்ற பேதமின்றி இந்த ஆய்வு நடக்க வேண்டும். லாபத்துக்கு நடப்பவை இதிலிருந்து நழுவ விடக் கூடாது. குழுவில் நர்சுகளுக்கும் சம இடம் வேண்டும். முதலில் ஆபத்தைக் காண்பவர்கள் அவர்களே. உண்மை சொன்னவர் பழிவாங்கப்படக் கூடாது. குழுவின் ஒவ்வொரு சிபாரிசுக்கும் நிர்வாகம் குறித்த நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும். ஆண்டுதோறும் அறிக்கை மக்கள் முன் வர வேண்டும்.

ஒரு நர்ஸை வீட்டுக்கு அனுப்புவது சுலபம். அதனால் ஒரு தாயும் பிழைக்க மாட்டாள். பிழைக்க வைக்கும் வழி தெரிந்திருக்கிறது. அதை நடத்திக் காட்டும்படி வற்புறுத்த வேண்டியவர்கள் மக்களாகிய நாம்தான்.