உறுதி யார் பேரில்? உழைப்பு யாருடையது?

தமிழ்க் குடும்பத்தில் ஒரு வீடு எழும்புவது ஒருவனுடைய காசினால் அன்று. தகப்பன் வயலை ஈடு வைக்கிறான். தாய் காப்பையும் சங்கிலியையும் கழற்றிக் கொடுக்கிறாள். தமையன் கனடாவிலோ சுவிசிலோ இரவு வேலை செய்து உண்டியலில் அனுப்புகிறான். மணமகள் ஆசிரியையாகவோ தாதியாகவோ உழைத்து மாதந்தோறும் வங்கிக் கடன் கட்டுகிறாள். இத்தனை பேருடைய வியர்வையும் கலந்தே அத்திவாரம் இடப்படுகிறது. ஆனால் நொத்தாரிசின் முன்னிலையில் உறுதி முடிக்கும் நாளிலே அதில் ஏறுவது பெரும்பாலும் ஒரே ஒரு பெயர். மணவாழ்வு நிலைத்திருக்கும் வரை அதைப் பற்றி எவரும் வாய் திறப்பதில்லை. கேட்பது குடும்பத்துக்கு இழுக்காம்! மணமுறிவு வந்து, மாவட்ட நீதிமன்றின் படியேறி, 'எங்கள் பணத்தை யாரிடம் கேட்பது?' என்று முதிய தாய் தகப்பன் விழித்து நிற்பது மட்டும் இழுக்கன்றோ?

சட்டம் என்ன சொல்கிறது? 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டம் இன்றும் எம் தலைமேல் நிற்கிறது. நொத்தாரிசும் இரு சாட்சிகளும் முன்னிற்க எழுதிக் கையெழுத்திடாத காணிக் கைமாற்றம் செல்லாது. 'பாதி வீடு உனக்குத்தான் தங்கச்சி' என்று முற்றத்தில் வைத்துச் சொன்ன சொல்லுக்கு நீதிமன்றில் ஒரு சதப் பெறுமதியும் இல்லை. 1917 ஆம் ஆண்டின் நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டத்தின் 84 ஆம் பிரிவு ஒரு சிறு வாசலைத் திறந்து வைத்திருக்கிறது என்பது உண்மையே. ஒருவர் பணங் கொடுக்க இன்னொருவர் பெயரில் ஆதனம் வாங்கப்பட்டால், பணங் கொடுத்தவர் அதை மற்றவரின் நன்மைக்காகக் கொடுக்க எண்ணவில்லையென்று தோன்றுமிடத்து, பெயருக்குரியவர் அதை அவருக்காகவே வைத்திருப்பவராவார். ஆனால் அண்ணன் தங்கைக்கும் மாமன் மருமகனுக்கும் கொடுத்த பணத்தைப் பற்றி எதிர்த்தரப்புச் சட்டத்தரணி எழுந்து கேட்கும் முதற் கேள்வி என்ன? 'அன்பினால் கொடுத்ததுதானே?' என்பது. அன்பினால் கொடுக்கவில்லை என்று எந்த அண்ணன் சாட்சிக் கூண்டில் ஏறிச் சொல்வான்? சொன்னாலும், உண்டியலில் வந்த காசுக்குப் பற்றுச்சீட்டு எங்கே?

வட மாகாணத் தமிழரை ஆளும் தேசவழமையின் கதை இன்னும் விசித்திரமானது. முதுசம், சீதனம், தேடியதேட்டம் என்ற மூன்று பகுப்புக்களும் எமக்குப் பழக்கமானவை. 1911 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்க யாழ்ப்பாண விவாக உரிமைகள், வழியுரிமைக் கட்டளைச் சட்டம், மணவாழ்வின் போது பெறுமதி கொடுத்துத் தேடியது எவர் பெயரில் இருந்தாலும் இருவருக்கும் சமமாக உரியது என்றது. நல்ல சொல். 1947 ஆம் ஆண்டின் 58 ஆம் இலக்கத் திருத்தம் வந்தது. தேடியதேட்டம் 'அந்தத் துணையின்' தேட்டமாயிற்று. அதற்குக் கொடுத்த பணம் அவருடைய தனி ஆதனத்திலிருந்து வந்ததாயின் அது தேட்டமே அன்று என்றாயிற்று. இதன் பொருளை உழவரும் உத்தியோகத்தரும் ஊன்றி நோக்குக. வெள்ளவத்தையிலே கணவன் பெயரில் ஒரு தொடர்மாடி வீடு வாங்கப்படுகிறது. பிரிவு வந்ததும், 'இது என் முதுசக் காணியை விற்ற காசு' என்று அவன் ஒரு வரி சொல்லி அதற்கொரு பழைய உறுதியையும் நீட்டினால் போதும்; பதினைந்து ஆண்டு அவள் கட்டிய தவணைகளைத் தேடி எடுத்துக் காட்டவேண்டிய பாரம் அவள் தலையில் விழுகிறது. 'டொனேசன்' என்று எம்மவர் நாக்கூசாது சொல்லும் ரொக்கமோ, அதற்குள் மாப்பிள்ளையின் தங்கைக்குச் சீதனமாகி வேறொரு வீட்டுக்கு நடந்து போய்விட்டிருக்கும்!

ஆண்மக்களும் இதில் அடிபடாமல் இல்லை. மனைவியின் சீதன வளவில், மத்திய கிழக்கில் வெயில் காய்ந்து உழைத்த காசைக் கொட்டி வீடு கட்டுகிறான் கணவன். நிலத்தோடு சேர்ந்த கட்டடம் நிலத்துக்குரியவரைச் சேரும் என்பது உரோம டச்சுச் சட்டத்தின் பழைய விதி. பிரிந்தால் அவனுக்கு மிஞ்சுவது திருத்தவேலைக்கு நட்டஈடு கேட்கும் வழக்கு மட்டுமே. மாமன், மருமகள், மைத்துனன் என்று இரு குடும்பமும் இதனால் பகையாகின்றன. வேலிக் கதியால் கூடப் பிடுங்கப்படுகிறது.

மணமுறிவின் போது நீதிமன்றுக்கு அதிகாரமே இல்லையா? இருக்கிறது. குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 615 ஆம் பிரிவின்படி, ஒருவருடைய ஆதனத்தை அல்லது அதன் ஒரு பகுதியை மற்றவருக்கோ பிள்ளைகளுக்கோ எழுதிக்கொடுக்குமாறு நீதிமன்று கட்டளையிடலாம். ஆனால் 'பொருத்தமெனக் கருதின்' என்ற சொற்களில் அந்த அதிகாரம் தொங்குகிறது. நகைக்கும் சமையலுக்கும் பிள்ளை வளர்ப்புக்கும் பெறுமதி போடுக என்று அப்பிரிவு எங்கும் சொல்லவில்லை. அதே 1947 இல் வந்த 59 ஆம் இலக்கத் தேசவழமை முற்கொள்வனவுச் சட்டம், பங்காளி தன் காணிப் பங்கை விற்குமுன் மற்றப் பங்காளிகளுக்கு அறிவித்தல் கொடுக்கவேண்டும் என்று விதித்தது. பங்காளிக்கு அறிவித்தல், தாலிக்கொடியை அடைவு வைத்தவளுக்கு அதுகூட இல்லை!

'தேசவழமையில் கை வைக்காதீர். அது எம் இனத்தின் அடையாளம்' என்று கூக்குரலிடும் பெரியவர் உளர். அவர்களுக்கு ஒன்று கூறுவோம். யாழ்ப்பாணத்துத் திசாவையாயிருந்த கிளாஸ் ஐசாக்ஸ் என்ற ஒல்லாந்தர் 1707 இல் எழுதி முடித்து, பன்னிரு முதலிமார் பார்த்து ஒப்பிய தொகுப்பே அது. 1806 இல் ஆங்கிலேயர் அதற்குச் சட்டவலு கொடுத்தனர். 1911 இலும் 1947 இலும் அது திருத்தப்பட்டபோது எம் இனம் அழிந்துவிடவில்லை. பன்னிருவரில் ஒருத்தியும் பெண்ணில்லை என்பதையும் மறவாதீர். 1923 இல் மணமான பெண்களின் ஆதனச் சட்டம் இலங்கையின் ஏனைய பெண்கள் பலருக்குத் தம் காணியைத் தாமே விற்கும் வலுவைக் கொடுத்தபோது தேசவழமைக்குட்பட்டவர் விலக்கப்பட்டனர். தன் சீதனக் காணியைக் கைமாற்றக் கணவனின் எழுத்துச் சம்மதம் வேண்டுமென்று 1911 ஆம் ஆண்டுச் சட்டம் விதித்திருந்தது. பிரிந்து போனவனிடமே கையெழுத்துக் கேட்டு நின்று, அவனுக்கெதிராக வழக்காடு என்பதா இனத்தின் அடையாளம்? தாய்வழியாகப் பெண்பிள்ளைக்கு வீடு கொடுக்கும் மட்டக்களப்புத் தமிழர் தேசவழமைக்கு உட்பட்டவரல்லர், அவர்கள் தமிழரல்லரோ?

எம் தொழிலாரையும் விட்டுவைக்க மாட்டோம். விலையுறுதி எழுதும் நொத்தாரிசு, கிரயப் பணம் யாருடையது என்று ஒரு கேள்வி கேட்டு அதை உறுதியிலேயே எழுதினால், பத்தாண்டு வழக்கொன்று பிறக்குமுன்பே இறந்துவிடும். கேட்பதில்லை, சாதகப் பொருத்தம் பார்த்த வீட்டில் கேட்கவும் விடுவதில்லை. பெற்றோர் கொடுப்பது கடனாயின் கடன் உறுதி எழுதுக. தமையனுக்குப் பங்கு உண்டாயின் பங்கை உறுதியிற் காட்டுக. மகளுக்கு மட்டும் என்றால் மகளுக்கு மட்டும் என்றே நன்கொடை எழுதுக. பணத்தை வங்கி வழியே அனுப்புக. உண்டியற்காரன் சாட்சிக்கு வரமாட்டான்.

இவை நாமே செய்யக்கூடியவை. சட்டத்தைத் திருத்துவது பாராளுமன்றத்தின் வேலை. குடியிருந்த வீடு எவர் பெயரில் இருந்தாலும், பணம், நகை, உழைப்பு, வீட்டுவேலை யாவற்றையும் கணக்கெடுத்தே நீதிமன்று அதைப் பிரிக்கவேண்டும் என 615 ஆம் பிரிவு கட்டாயப்படுத்தவேண்டும்; எழுத்தில் காட்டப்பட்ட குடும்பக் கடன் முதலில் திருப்பப்படவேண்டும்; 1947 ஆம் ஆண்டுத் திருத்தம் பறித்த சமபங்கு மீளவேண்டும். வாக்குக் கேட்டு உங்கள் படலையடிக்கு வரும் தமிழ் உறுப்பினரிடம் இம்மூன்றையும் கேளுங்கள். 'ஆலோசிப்போம்' என்பார். எந்தத் திகதியில் மசோதா வரும் என்று கேளுங்கள்.