மூன்று சிலிண்டரின் மொழி

இலக்கியம் பேசுமிடத்தில் மோட்டார் சைக்கிளுக்கு என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கக்கூடும். போலச்செய்தலுக்கும் தன்மொழிக்கும் இடையிலான வேறுபாட்டைத்தான் நாம் ஓயாமல் விவாதித்து வருகிறோம். அதே சிக்கலை இரும்பிலும் அலுமினியத்திலும் எதிர்கொண்ட ஒரு வண்டி உண்டு. இங்கிலாந்தின் டிரையம்ப் டேடோனா 675 அது.

முதலில் பெயர். 1966-இலும் 1967-இலும் அமெரிக்காவின் டேடோனா 200 பந்தயத்தை டிரையம்பின் 500 சி.சி. வண்டிகள் வென்றன. அந்த வெற்றியே பெயராயிற்று. பின்னர் மெரிடனிலிருந்த தொழிற்சாலை நலிவுற்றது. மூடும் முடிவை எதிர்த்து 1973-இல் தொழிலாளர்கள் அதைத் தம் வசமாக்கினர்; 1975 முதல் கூட்டுறவாகத் தாமே நடத்தினர். 1983-இல் அதுவும் முடிவுக்கு வந்தது. வீடுகள் கட்டும் தொழிலில் இருந்த ஜான் புளூர் நிறுவனத்தின் பெயரை வாங்கி, ஹிங்க்லியில் புதிய ஆலை எழுப்பினார். 1991-இல் அங்கிருந்து வண்டிகள் விற்பனைக்கு வந்தன.

நடுத்தரப் பந்தய வகையில் அப்போது கோலோச்சியவை ஜப்பானின் நான்கு சிலிண்டர் 600 சி.சி. வண்டிகள். 2000-இல் அதே அளவிலும் அதே அமைப்பிலும் டிடி600-ஐ டிரையம்ப் களமிறக்கியது. தாழ்ந்த சுழற்சியில் அதன் எரிபொருள் செலுத்தும் முறை இடறியது. தோற்றமும் மனத்தில் நிற்கவில்லை. திருத்தி வந்த டேடோனா 600-இல் 2003-ஆம் ஆண்டு மான் தீவுப் பந்தயத்தின் 600 பிரிவை புரூஸ் ஆன்ஸ்டி வென்றார். 2005-இல் அது 650 ஆயிற்று. குறை சொல்ல முடியாத வண்டிதான். ஆனால் அது பிறருடைய இலக்கணத்தில் எழுதப்பட்டது. யாப்பு வழுவாமல், எழுதியவர் முகமும் தெரியாமல் நம் மேசைக்கு வரும் மாணவர் கவிதைகள் நினைவுக்கு வருகின்றன.

2006-இல் வந்த 675 அந்தப் போட்டியின் இலக்கணத்தையே விட்டு விலகியது. மூன்று சிலிண்டர், 675 சி.சி.; ஏறத்தாழ 125 குதிரைத்திறன். இரண்டு சிலிண்டரின் தாழ்சுழற்சி இழுவையும் நான்கு சிலிண்டரின் உயர்சுழற்சி வேகமும் அதில் இணைந்தன. அதன் ஓசை வேறெதனோடும் குழம்பாதது. இது புதுமை மோகமன்று. மூன்று சிலிண்டர் டிரைடென்ட் 1968-இலேயே மெரிடன் மரபில் தோன்றியிருந்தது. 2014-இல் டேனி எஸ்லிக் 675ஆர் வண்டியில் டேடோனா 200-ஐ வென்றபோது பெயர் தன் ஊருக்குத் திரும்பியது.

மரபு என்பது பெயரை வாங்குவதால் கிட்டுவதன்று என்பதே நம் கருத்து. பெயர் 1983-இலேயே கைமாறிவிட்டது. இந்த வகையில் மரபு உயிர்பெற மேலும் 23 ஆண்டுகள் ஆயின. பிறரை விஞ்ச வேண்டும் என்ற முனைப்பு தணிந்து, தனக்குள் ஏற்கெனவே இருந்ததைக் கண்டுகொண்ட பிறகே அது நிகழ்ந்தது.

வாங்குவோர் குறைந்து, ஐரோப்பாவின் புகை விதிகளும் இறுகிய காலத்தில் 675-இன் உற்பத்தி நின்றது. 2024-இல் வந்த டேடோனா 660, 95 குதிரைத்திறன் கொண்ட சாலை வண்டி; பெயருக்கு அது போதுமா என்று அன்பர்கள் சலித்துக்கொள்கிறார்கள். நாம் சலித்துக்கொள்ளவில்லை. மோட்டோ2 உலகப் பந்தயத்தில் 2018 வரை ஓடியது ஹோண்டாவின் நான்கு சிலிண்டர் இயந்திரம். 2019 முதல் அவ்விடத்தில் இருப்பது 675-இன் வழிவந்த 765 சி.சி. மூன்று சிலிண்டர் இயந்திரம். எதைப் பின்பற்றி டிடி600 உருவாயிற்றோ, அதன் இடத்திலேயே இன்று அந்தத் தன்மொழி ஒலிக்கிறது.