தனியே பறக்கும் பிள்ளைக்கு யார் பொறுப்பு?

சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநர் அவர்களுக்கு,

கடலூர் மாவட்டத்தில், விருத்தாசலத்துக்கு மேற்கே இருக்கும் மங்களூரிலிருந்து எழுதுகிறேன். பயிற்சி விமானங்களின் பராமரிப்பு பற்றித் தங்கள் அலுவலகத்துக்கு மனு மேல் மனு அனுப்பியும் பதில் இல்லை. அதனால்தான் ஊரறிய இந்த மடல். விதிகளைத் தங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நடந்த ஒன்றை மட்டும் நினைவூட்டுகிறேன்.

2022 ஜூலை 25. மகாராஷ்டிரத்தின் பாராமதியிலிருந்து 22 வயது மாணவி ஒருவர் செஸ்னா 152 விமானத்தில் தனியே கிளம்பினார். பக்கத்து இருக்கையில் ஆசிரியர் கிடையாது. இந்தாப்பூர் வட்டத்துக் கட்பன்வாடி அருகே விமானம் வலு இழந்தது. இன்ஜின் கைவிட்டால் அந்த விமானம் ஆயிரம் அடி உயரத்துக்குச் சுமார் இரண்டரை கிலோமீட்டர்தான் சறுக்கும். அதற்குள் சமதளம் தேட வேண்டும். காற்று எந்தப் பக்கம் என்று பார்க்க வேண்டும். மரம், மின்கம்பி, வரப்பு எல்லாவற்றுக்கும் தப்பி இறக்க வேண்டும். தவறினால் மறுபடி மேலே எழும்பிச் சுற்றி வர வழியில்லை. இன்ஜின் இல்லாமல் சறுக்கும் கிளைடரைப் பழகுகிறவர்களுக்கு இது முதல் நாளிலிருந்தே பாடம். அந்தப் பாடம் சொல்லித்தரும் மையத்தைப் புனேயின் ஹடப்சரில் தங்கள் துறையே பல்லாண்டு நடத்தியது. அது பாராமதியிலிருந்து சுமார் நூறு கிலோமீட்டர்தான். அந்தப் பெண் வயலில் விழுந்தும் சிறு காயங்களோடு பிழைத்தார். ஓடிவந்து தூக்கியவர்கள் ஊர்மக்கள்.

அது எச்சரிக்கை இல்லையா?

2023 அக்டோபர் 19 அன்று அதே பாராமதி அருகே வேறொரு பள்ளியின் பயிற்சி விமானம் விழுந்தது. அக்டோபர் 22 அன்று அதே பள்ளியின் இன்னொரு விமானம் கோஜுபாவியில் விழுந்தது. அதன் பிறகுதான் அந்த ரெட்பேர்டு பள்ளியின் பயிற்சியை நிறுத்திவைத்தீர்கள். முதல் விமானம் விழுந்த மறுநாளே நிறுத்தியிருந்தால் இரண்டாவது விமானத்தில் இருந்தவர்களுக்குக் காயமே பட்டிருக்காதே! 2025 அக்டோபரில் பயிற்சிப் பள்ளிகளுக்கு முதன்முறை தரவரிசை வெளியிட்டீர்கள். மேல் இரண்டு படிகளில் ஒரு பள்ளிகூட இல்லை. அப்படியானால் இத்தனை ஆண்டுகள் எதைப் பார்த்து அனுமதி தந்தீர்கள்?

எங்கள் பக்கம் மக்காச்சோளமும் பருத்தியும்தான் பிழைப்பு. என் அக்கா மகள் விமானியாக வேண்டும் என்று நிலத்தை அடமானம் வைத்துப் பணம் கட்டியிருக்கிறார்கள். உரிமம் வாங்க 200 மணி நேரம் பறக்க வேண்டும். அதில் பாதி, விமானத்தின் முழுப் பொறுப்பும் அவள் கையில். அவள் தனியே ஏறும் ஒவ்வொரு நாளும் வீட்டில் யாருக்கும் சோறு இறங்குவதில்லை. அவள் ஏறும் விமானத்தில் கடைசியாக எப்போது கோளாறு வந்தது, யார் பழுது பார்த்தார்கள் என்று கேட்டால் பள்ளி வாய் திறப்பதில்லை. நீங்களும் திறப்பதில்லை. இந்த மௌனத்துக்கு என்ன பெயர் வைப்பது? உங்கள் வீட்டுப் பிள்ளையை இப்படி ஏற்றி அனுப்புவீர்களா?

ஒவ்வொரு பள்ளியிலும் எத்தனை முறை இன்ஜின் வலு இழந்தது என்பதைப் பணம் கட்டுமுன் பெற்றோர் பார்க்கும்படி வெளியிடுங்கள். தனியே அனுப்புமுன் இன்ஜின் இல்லாமல் இறங்கும் பயிற்சியை, பெயருக்கு இல்லாமல், கண்ணெதிரே செய்துகாட்டச் சொல்லுங்கள். முதல் விபத்திலேயே வாருங்கள். இரண்டாவது விபத்துக்காகக் காத்திருக்காதீர்கள்.

இப்படிக்கு,
மங்களூரிலிருந்து ஒரு மாணவியின் தாய்மாமன்